விரலுக்கென ஓர் எழுத்து

கல்முனைக்கு வடக்கே, மருதமுனைக் கைத்தறிகளில் அமர்ந்திருப்போர் நூலின் முடிச்சை விரல் நுனியாலேயே அறிந்துகொள்வர். அந்த விரலறிவை நம்பி ஓர் எழுத்துமுறையை அமைத்தவர் லூயி பிரெயில்.

1809 ஜனவரி 4ஆம் நாள், பாரிஸ் நகருக்குக் கிழக்கே குப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் குத்தூசி ஒரு கண்ணைக் குத்தியது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதளவில் பார்வை முற்றாக மறைந்தது. பங்குத்தந்தை பல்லுயி அடிகளார் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு பாடம் புகட்டினார். 1819இல் அவன் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான்.

அங்கிருந்த நூல்களில் வழக்கமான எழுத்துகளே புடைத்து நின்றன. அவை கண்ணுக்கென அமைந்தவை. ஒவ்வொரு வளைவையும் விரல் சுற்றிவர வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். ஷார்ல் பார்பியே என்பவரின் பன்னிரு புள்ளி முறை 1821இல் பள்ளிக்கு வந்தது. அதுவும் ஒரு தொடுகையில் அடங்கவில்லை. லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கியபோது அவருக்கு வயது 15. ஓர் எழுத்து ஒரு விரல் நுனிக்குள் அடங்கியது.

1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. அவர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் இசைத்தார். ஆனால் 1840இல் பொறுப்பேற்ற புதிய இயக்குநர் புள்ளியெழுத்தைத் தடைசெய்தார். தம்மால் வாசிக்க இயலாத எழுத்தை மாணவர் வாசிப்பது பார்வையுள்ளோரை அச்சுறுத்தியது போலும்! மாணவர்களோ மறைவில் எழுதிப் பழகினர். 1844இல் பள்ளி அதனை மீண்டும் ஏற்றது. காசநோயுற்றிருந்த லூயி, 1852 ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று இறைவனடி சேர்ந்தார். பிரான்ஸ் அரசின் அங்கீகாரம் 1854இல்தான் கிடைத்தது.

இன்று தமிழும் அப்புள்ளிகளில் வாசிக்கப்படுகிறது. அச்சில் ‘கொ’ என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கின்றன. பிரெயிலிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம். நாவின் வரிசையே விரலின் வரிசை. கல்முனைப் பள்ளிவாசல்களில் வலமிருந்து இடமாகக் கண் வாசிக்கும் திருக்குர்ஆனும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே விரலுக்கு எட்டுகிறது.

1952இல் லூயியின் உடல் பாரிஸ் பாந்தியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகளை மட்டும் குப்வ்ரே ஊரார் தம் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டனர்.