முண்ணாணை ஆராய்ந்த கலேன்

வைத்திய நூல் யான் கற்றவனல்லன். தொலைந்த ஏடுகளைத் தேடும் ஆர்வமே கிரேக்க வைத்தியர் கலேனின் வரலாற்றில் என்னைக் கொண்டுபோய் விட்டது.

கி.பி. 129 இல் பெர்கமம் நகரிற் பிறந்த அவர், கட்டடக் கலைஞரான தந்தையார் கண்ட கனவின் காரணமாகவே வைத்தியம் பயின்றார். 157 இல் அந்நகரத்து வாட்போர் வீரர்க்கு மருத்துவரானார். பின்னர் உரோமாபுரியை அடைந்தார். மனிதவுடலை அறுத்தாராய்தல் அங்கு வழக்கிலில்லை. ஆதலின் விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறிடங்களில் வெட்டிப் பார்த்தார். நடுவே நெடுக்காகப் பிளந்தால் வாதம் உண்டாவதில்லை; குறுக்கே ஒரு பாதியை வெட்டினால் அப்பக்கம் மட்டுமே செயலறும்; கழுத்தின் உச்சியில் முற்றாக வெட்டினால் மூச்சு நின்றுவிடும். உயிரோடு அறுபட்ட அவற்றின் வேதனையை நினைக்க என் நெஞ்சு கூசுகின்றது. குரங்கின் முகத்தை நோக்க அவருக்கே விருப்பமில்லை. பன்றியையோ வெள்ளாட்டையோ கொள்க என்றார்.

ஆயினும், பௌசானியாஸ் என்னும் சிரிய நாட்டு நாவலரின் கை குணமானது அவ்வறிவினாலன்றோ? சிறுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலிற் பாதியும் அவருக்கு உணர்விழந்தன. ஏனைய வைத்தியர் விரலுக்கே மருந்திட்டனர். கலேனோ, அவர் வண்டியினின்று வீழ்ந்து மேல்முதுகில் அடிபட்டமையை வினவியறிந்து, ஏழாங் கழுத்தென்பின் கீழே நரம்பு புறப்படுமிடத்தில் மருந்திட்டார். விரல்கள் உணர்வு பெற்றன.

192 இல் உரோமாபுரியில் மூண்ட தீ அவர்தம் நூல்கள் பலவற்றை உண்டது. முண்ணாண் சோதனைகளைக் கூறும் பகுதியின் கிரேக்க மூலமும் பிற்காலத்தில் மறைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு மொழியிற் பெயர்த்தவர்களின் ஏட்டிலேதான் அஃது இன்றும் இருக்கின்றது.