ஓவியத்தின் பூர்வீகத்தைச் சொல்லும் கணக்குப் புத்தகங்கள் - யார் இந்த போல் துராண்-ருயெல்?

மோனே, ரென்வார் ஓவியங்கள் இன்று கோடிகளில் விலைபோகின்றன. அப்போ? வாங்க ஆளே இல்லை!

துணிந்து வாங்கியவர் பாரிஸ் ஓவிய வணிகர் போல் துராண்-ருயெல் (1831-1922).

1870இல் பிரான்ஸில் போர் மூண்டதும் அவர் லண்டனுக்குச் சென்றார். மோனேயையும் பிசாரோவையும் அங்குதான் சந்தித்தார். வாங்கிக் குவித்தார்.

ஆனால் விற்கணுமே?

1882இல் அவருக்குக் கைகொடுத்த வங்கி நொடித்துப்போனது. கடன் கழுத்தை நெரித்தது.

1886இல் சுமார் 300 ஓவியங்களோடு நியூயார்க் போனார். அமெரிக்கர்கள் வாங்கினர். தொழில் பிழைத்தது.

எந்த ஓவியம் எப்போது வந்தது, என்ன விலை, யாருக்குப் போனது?

அவரது கூடத்தின் கணக்குப் புத்தகங்களில் பதிவாகியுள்ளது.

ஓர் ஓவியம் அசலா, யார் யார் கைமாறி வந்தது என்ற கேள்வி எழுந்தால், ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பக்கங்களைத் தேடிப் போகிறார்கள்.