கதையால் தொண்டு செய்த கல்கி

'பொன்னியின் செல்வன்' 2022, 2023ஆம் வருஷங்களில் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபின், தேவராஜ மொஹல்லாவில் கன்னடம் படித்து வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் கல்கியின் பெயர் தெரிந்திருக்கிறது. ஆனால் சோழர் கதைக்கு வெகு முன்பே, தேசத் தொண்டுக்காகக் கதை எழுதியவர் அவர்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் பிறந்தார். தகப்பனார் ராமசாமி ஐயர் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர். திருச்சியில் படித்து வந்த கிருஷ்ணமூர்த்தி, காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர 1921ல் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதாமலே வெளியேறினார். ஒரு சர்ட்டிபிகேட்டை நம்பிக் குடும்பங்கள் பிழைத்த காலம் அது! அடுத்த வருஷம் சிறைவாசம்.

பிறகு திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பணி. அங்கிருந்து திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் சென்று, மதுவிலக்குக்கென்றே ராஜாஜி நடத்திய 'விமோசனம்' பத்திரிகையில் உதவினார். கள்ளுக்கடையால் பாழான குடும்பத்தின் கதை, பத்துப் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்யும் என்பதே இருவரின் நம்பிக்கை. 1937ல் பிரதம மந்திரியான ராஜாஜி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

கல்கி 'ஆனந்த விகட'னில் எழுதிய 'தியாகபூமி', கள்ளுக்கடையை விட்டு நம் அக்ரஹாரத்துக்குள்ளேயே நுழைந்தது. புயல் வெள்ளத்தில் தவித்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்த சம்பு சாஸ்திரிகளை ஊரார் சாதிப்பிரஷ்டம் செய்கிறார்கள். அவர் பெண் சாவித்திரி, கொடுமைப்படுத்திய கணவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகக் கோர்ட்டில் சொல்கிறாள். கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 1939ல் இக்கதை படமாக வந்தது. பாபநாசம் சிவன் சாஸ்திரிகளாக நடித்தார். ஆங்கிலேய அரசு படத்துக்குத் தடை விதித்தது.

1941ல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். தேசப் பிரிவினையின் துயரம் சொல்லும் 'அலை ஓசை'யே தம் நாவல்களில் நிலைக்கத் தக்கது என்று அவர் கருதினார். 1954 டிசம்பர் 5 அன்று காலமானார். 1956ல் அந்நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

அவர் கதைகளைப் பிரசாரம் என்று குறை கூறியவர்கள் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் பிரசங்கம் செய்வதும் உண்மையே. ஆனால் அன்னியரைச் சாடுவது சுலபம். தம் கதைகளை ஆவலாகப் படித்த சொந்த ஜனங்களின் வாசலிலேயே நின்று நியாயம் கேட்பது சுலபமல்ல. கல்கி அதைச் செய்தார். 'பொன்னியின் செல்வ'னை ரசிக்கும் குழந்தைகளுக்கு 'தியாகபூமி'யையும் வாசித்துக் காட்டுவோம். சாவித்திரியின் வழக்கில் அவர்கள் என்ன தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று கேட்போம்.