அழுத்தத்தை அளந்த மகன், பகைத்த அப்பா: யார் இந்த டேனியல் பெர்னூலி?

தண்ணீர் ஓடும் குழாய் நடுவில் குறுகினால், அந்த இடத்தில் அழுத்தம் கூடும்னுதானே நினைப்போம்? இல்லை, குறையும். வேகம்தான் கூடும். இந்தக் கணக்கைச் சொன்னவர் டேனியல் பெர்னூலி. அதற்காக அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

1700-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிறந்தார். அப்பா யோஹான், ஐரோப்பாவே மதித்த கணித மேதை. ஆனா, மகன் வியாபாரத்துக்குப் போகணும் என்பது அவர் பிடிவாதம். கடைசியில் மருத்துவத்துக்குச் சம்மதித்தார். மூச்சு விடுவது பற்றி ஆய்வு செய்து, 1721-ல் டேனியல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1725-ல் அண்ணன் நிக்கோலஸுடன் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அடுத்த வருடமே அண்ணன் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடும் வேலை நடந்தது. குழாயின் சுவரில் துளையிட்டு, அதில் கண்ணாடிக் குழலைச் செருகினார். குழலில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுதோ, அதுதான் உள்ளே இருக்கும் அழுத்தம்!

1733-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் திரும்பினார். மறுவருடம் பாரிஸ் அகாடமியின் பரிசு அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்தே கிடைத்தது. மகன் தனக்குச் சமமா என்று அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டு வாசலை மிதிக்காதே என்றுவிட்டார்.

1738-ல் 'ஹைட்ரோடைனமிகா' வெளியானது. அதன் முகப்பில் தன்னை யோஹானின் மகன் என்றே டேனியல் குறிப்பிட்டார். அப்பா மனம் இரங்கவில்லை. 1743-ல் அதே பொருளில் தன் நூலை வெளியிட்டு, 1732-லேயே எழுதியதாகத் தேதி போட்டுக்கொண்டார். பத்து வருட உழைப்பு ஒரே நொடியில் பறிபோனதாக நண்பர் ஆய்லருக்கு டேனியல் எழுதிப் புலம்பினார். 1748-ல் அப்பா இறந்தார். 1782-ல் டேனியல் பாசெலில் மறைந்தார்.

சரி, இன்னைக்கு அவர் கணக்கு எங்கே இருக்கு? வால்வு, துளைத்தகடு வடிவமைக்கும் பொறியாளர்கள் முதலில் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். குறுகலுக்கு முன்பும், குறுகலை ஒட்டியும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். அந்த வித்தியாசத்தை பெர்னூலி சமன்பாட்டில் போட்டால், உராய்வோ சுழலோ இல்லாமல் இருந்தால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று தெரியும். சிமுலேஷனில் போன அளவை இதால் வகுத்தால் வருவதுதான் ஓட்டக் குணகம்.

கூர்மையான விளிம்புள்ள துளைத்தகட்டுக்கு இது சுமார் 0.6. சீராகக் குறுகி விரியும் வென்சுரி குழாய்க்கு சுமார் 0.98. ஒரு எச்சரிக்கை: அழுத்தத்தை எடுக்கும் இடம் மாறினால் விடையும் மாறிவிடும். அதனால் அளவுப் புள்ளிகளை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அன்று டேனியல் கண்ணாடிக் குழலைச் செருக இடம் பார்த்தாரே, அதே வேலைதான் இது.