கேத்தே கொல்விட்ஸ்: கறுப்பு வெள்ளையில் துயர் வரைந்த தாய்

1914 ஓகஸ்டில் ஜேர்மனி போரில் இறங்கியபோது பீற்றருக்கு வயது 18. படையில் சேர்வதற்குத் தந்தையின் சம்மதம் வேண்டும். வைத்தியரான தந்தை கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அந்தச் சம்மதத்தைப் பெற்றுக் கொடுத்தவர் தாய். ஒக்டோபரில் பெல்ஜியத்தில் பீற்றர் கொல்லப்பட்டான்.

அந்தத் தாய்தான் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ்.

1867 இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர். பேர்லினிலும் மியூனிக்கிலும் ஓவியம் கற்றபோது வண்ணத்தைவிடக் கோடுதான் தனக்குக் கைவருகிறது என்பதை உணர்ந்தார். வாழ்வின் இருண்ட பக்கத்தைச் சொல்லக் கறுப்பு வெள்ளையே ஏற்றது என்று வாதிட்ட மாக்ஸ் கிளிங்கரின் நூல் அவரை அச்சு ஓவியத்தின் பக்கம் திருப்பியது.

அங்கே வண்ணம் துணைக்கு வராது. எந்த இடம் எவ்வளவு இருள், உருவம் தாளில் எங்கே என்ற இரண்டு முடிவுகளில்தான் படம் நிற்கும். நெசவாளர் பற்றிய தொடரின் முதற்படத்தில் அறை முழுவதும் இருள். வெளிச்சம் விழுவது முன்னால் படுத்திருக்கும் நோயுற்ற குழந்தையின் முகத்தில். தலையைப் பிடித்தபடி இருக்கும் தாயை நாம் அதன் பிறகே காண்கிறோம்.

1903 இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயை வரைந்தார். கண்ணாடி முன் அமர்ந்து, ஏழு வயதுப் பீற்றரை மடியில் வைத்துக்கொண்டு வரைந்த படம் அது. பதினொரு ஆண்டுகளின் பின் அது உண்மையாயிற்று.

போரைப் பற்றிய தொடர் எளிதில் அமையவில்லை. செப்புத்தகட்டிலும் கல்லச்சிலும் முயன்று நிறைவடையாமல், 1920 இல் ஏர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்டபின் மரத்துக்கு மாறினார். மரத்தில் செதுக்கிய இடம் வெள்ளை. விட்ட இடம் கறுப்பு. இடையில் தஞ்சம் புகச் சாம்பல் நிறம் இல்லை. அந்த ஏழு படங்களில் போர்க்களம் இல்லை, எதிரி இல்லை, வெற்றி இல்லை. ஒரு படத்தில் மண்டியிட்ட பெற்றோர் ஒரே கரிய திரளாக ஒன்றிப் போயிருக்கிறார்கள்.

மகனுக்கான நினைவுச்சிலைக்கு 18 ஆண்டுகள் பிடித்தன. முதல் திட்டத்தில் நடுவே மகனின் உடல் இருந்தது. பிறகு அதை நீக்கினார். 1932 இல் பெல்ஜியக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டவை தாயும் தந்தையும் மட்டுமே. அச்சுப் படத்தில் ஒன்றியிருந்தவர்கள் இங்கே தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். தந்தை தன்னையே இறுக அணைத்தபடி நிமிர்ந்திருக்கிறார், தாய் குனிந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடவில்லை.

அடுத்த ஆண்டே நாசிகள் அவரைப் புரூசியக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினர். 1940 இல் கணவர் இறந்தார். 1942 இல், பீற்றரின் பெயரையே தாங்கிய பேரன் ரஷ்யப் போர்முனையில் கொல்லப்பட்டான். 1943 இல் பேர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஏப்ரல் 22 இல், போர் முடியச் சில நாட்களே இருக்கையில், இடம்பெயர்ந்து வாழ்ந்த மோறிட்ஸ்பேர்க்கில் அவர் காலமானார்.

பீற்றரின் கல்லறையும் சிலைகளும் பின்னர் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. அங்கே 25,000 இற்கும் மேற்பட்ட படையினர் புதைக்கப்பட்டுள்ளனர். சிலைகளுக்கு முன்னால் தரையோடு பதிந்த கற்பலகைகள். அவற்றில் ஒன்றில், மற்றவர்களின் பெயர்களோடு பீற்றரின் பெயரும் இருக்கிறது.