அந்தகக்கவி வீரராகவ முதலியார்

கற்றாரையே கண்ணுடையாராகக் கொள்வது தமிழர் மரபு. அம்மரபிற்குத் தம் வாழ்க்கையையே சான்றாக்கியவர், 17-ஆம் நூற்றாண்டில் தொண்டைநாட்டில் விளங்கிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஆவர். அவர் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

இப்புலவர் வடுகநாத முதலியாருக்கு மைந்தராய்ப் பிறந்து, செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர்; பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அக்காலத்துப் பிள்ளைகள் மணலிலும் ஓலையிலும் எழுதியவற்றைக் கண்ணால் நோக்கியே எழுத்தறிந்தனர். அவ்வழி அடைபட்ட இவரோ, தம் முதுகிற் பிறரை எழுதச் செய்து, அத்தீண்டலின் வாயிலாக ஒவ்வோர் எழுத்தின் வடிவையும் உளத்திற் பதித்துக்கொண்டனர் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. பின்னர் நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டு, கேட்டவற்றை மறவாது போற்றினர்.

இங்ஙனம் பெற்ற புலமையால் திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், சந்திரவாணன் கோவை முதலியவற்றை இயற்றினர். யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னன் அவையிலும் பாடிப் பரிசில் பெற்றனர் என்பர். இந்நூல்களைக் கற்பார், ஆக்கியோர் கண்ணிலார் என்று இரங்கிப் பாராட்டுவதில்லை. சொல்லும் பொருளும் கண்டே பாராட்டுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. முதுகில் எழுதிய எழுத்து, விரலை எடுத்தவுடன் மறைவது. தனித்திருந்து ஒரு நூலைத் தாமே படிக்க அஃது உதவாது. ஓதுவதற்கொரு வாயும் எழுதுவதற்கொரு கையும் பிறரிடத்து வேண்டப்பட்டன. அக்குறையைத் தீர்த்தவர் பிரான்சு தேசத்து லூயி பிரெயில் (1809–1852). இளமையிலேயே பார்வை இழந்த அவர், மேடாக எழுப்பிய ஆறு புள்ளிகளை விரல் நுனியால் தடவிப் படிக்கும் எழுத்துமுறையை வகுத்து, 1829-இல் வெளியிட்டனர். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் அமைந்த பாரதி பிரெயிலில் தமிழெழுத்துகளும் அப்புள்ளிகளுள் அடங்கின. நம் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தார், பார்வையற்றோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றி வந்துள்ளனர்.

பார்வையற்ற குழந்தைக்குப் பாட்டும் கேள்வியும் போதும், எழுத்து எதற்கு என்று எண்ணும் பெற்றோர் நம்மவருள்ளும் உளர். அவர்கள் இப்புலவர் செயலைச் சிந்திப்பாராக. பிறர் ஓதக் கேட்கும் வாய்ப்பிருந்தும், எழுத்தின் வடிவறியாமல் அவர் அமைந்திலர். தம் முதுகினையே பலகையாக்கிக் கற்றனர். இன்று புள்ளியெழுத்தும் அதனைக் கற்பிக்கும் பள்ளிகளும் உள. அத்தகைய குழந்தையை வீட்டின் மூலையில் இருத்தாது, உரிய பருவத்தே பள்ளியிற் சேர்ப்பித்தல் நம் கடமையாம்.