சித்திரகாரப்புலி

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் நம் மாணவர்கள் தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே அவ்வட்டாரத்துப் பாறைகளைத் தன் கலைக்கு இடமாக்கிக்கொண்ட அரசன் ஒருவன் உளன். அவனே பல்லவ மகேந்திரவர்மன். போர் புரிந்த அரசரும் பாப்புனைந்த அரசரும் நம் நாட்டிற் பலர். தன்னை ஓவியன் என்று கல்லிற் பொறித்துக்கொண்ட அரசரோ மிகச் சிலர். அவனுடைய வாழ்வையும் அவனது ஓவிய வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

மகேந்திரன் சிம்மவிஷ்ணுவின் மைந்தன். கி. பி. ஆறாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் காஞ்சியில் முடிசூடி, ஏறத்தாழ 630 வரை ஆண்டான். வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்து, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கச் செய்ததாக 634-ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டிற் பெருமை பேசுகிறான். அப்பழியை 642-ல் வாதாபியைக் கைப்பற்றித் துடைத்தவன் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன். தந்தை அதனைக் காண உயிரோடிருந்திலன். போர்ச் செய்திகளை இவ்வளவில் நிறுத்துவோம். மகேந்திரனை உலகம் நினைப்பது வாளினால் அன்று.

சமணனாயிருந்த அவனைத் திருநாவுக்கரசர் சைவனாக்கினார் என்பது வழிவழி வந்த வரலாறு. திருச்சிராப்பள்ளி மலைக் குடைவரைக் கல்வெட்டிலும் அம்மாற்றத்தின் குறிப்பு உண்டென அறிஞர் கொள்வர். அவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் 1917-ல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்து, பௌத்தத் துறவியின் மேற் பழி சுமத்திக் காஞ்சித் தெருவிற் பூசலிடுகிறான். கபாலத்தைக் கவர்ந்து சென்றதோ ஒரு நாய்! தன் நகரத்துச் சமயத்தார் அனைவரையும் நகைக்க வைத்து எழுதிய இவ்வரசன் பெரிதும் அஞ்சாதவனாக இருந்திருத்தல் வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையருகே மண்டகப்பட்டு உளது. ஆங்குப் பிரமன், சிவன், திருமால் மூவர்க்கும் ஒரு குடைவரையை அவன் அமைத்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இதனை ஆக்கினோம் என்னும் கருத்துப்படக் கல்வெட்டும் பொறித்தான். தளவானூரிலும் சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரை அவனுடையதே. விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன் என அவன் பூண்ட பெயர்கள் பல. அவற்றுள் சித்திரகாரப்புலி என்பது நம் உள்ளத்தைத் தனியே ஈர்க்கிறது. வடமொழிச் சொல்லொன்றின் வாலிலே தமிழ்ப் புலி ஒன்று பாய்ந்து நிற்கின்றது!

ஆனால் அப்புலி வரைந்த சித்திரம் எங்கே? அவன் எழுதியதென உறுதியாகச் சுட்டத்தக்க கோடு ஒன்றேனும் இன்று இல்லை. மாமண்டூர் போன்ற இடங்களில் வண்ணச் சுவடு சிறிது காணப்படுமேயன்றி உருவம் தேறாது. சித்தன்னவாசல் ஓவியங்கள் அவனுடையன என ஒருகால் அறிஞர் கருதினர். பின்னர் ஆங்குக் கிடைத்த கல்வெட்டு, பாண்டியன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் ஆசிரியன் அக்குகையைப் புதுப்பித்ததைத் தெரிவிக்கவே, அக்கருத்து வலியிழந்தது. கல் நிற்கும், கல்லின்மேற் பூசிய சாந்தும் சாந்தின்மேல் தீட்டிய காவியும் கரியும் நீர்க்கசிவுக்கு முன் நில்லா.

எனினும், எழுதியது அழிந்தால் எழுதும் வழியும் அழியும் என்பதில்லை. நம் மகளிர் முற்றத்தில் இடும் கோலம் அன்றே அழிகிறது; அவர்தம் விரலோ மறவாது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலை முதுகுடியினர் மணலிலும் உடலிலும் எழுதும் கோலங்களும் இத்தகையனவே. அக்குடியிற் பிறந்து 1996-ல் மறைந்த எமிலி என்னும் மூதாட்டி, எண்பதை அண்டிய வயதிலே திரைச்சீலையில் வண்ணந் தீட்டத் தொடங்கி உலகப் புகழெய்தினார். மகளிர் சடங்கில் உடலில் எழுதிய கோடுகளே அவர் கைக்கு முதலாயிருந்தன.

பல்லவர் கைவழியும் அவ்வாறே தலைமுறை கடந்து வந்தது. மகேந்திரனுக்கு நான்காந் தலைமுறையில் வந்த இராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிற் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான். அவன் தேவி இரங்கபதாகையும் அங்கு ஒரு சிறுகோயில் எடுத்தாள். அக்கோயிலிற் பூச்சின் அடியில் மறைந்து கிடந்த ஓவியங்களை 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேல் வெளிப்படுத்தினார்.

செஞ்சிக்குத் தெற்கே பனமலையில் நிற்கும் தாலகிரீசுவரர் கோயிலும் இராஜசிம்மன் எடுத்ததே. தாலம் என்பது பனை. குன்றேறி, கோயிலின் வடபுறச் சிற்றறையுள் நோக்கினால், சுவரில் ஒரு தேவியைக் காண்கிறோம். தலையிலே மணிமுடி, மேலே குடை. ஒரு காலை மடித்துச் சற்றே சாய்ந்து நிற்கிறாள். எதிரே சிவபெருமான் ஆடுகிறான். அவ்வாட்டத்தைப் பார்த்து நிற்பதாகவே அவளை எழுதியுள்ளனர். முடியின் வேலைப்பாடும் உடலின் வளைவும் தயக்கமற்ற கோடுகளில் அமைந்துள்ளன. அவளைத் தீட்டியவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. மகேந்திரனுக்குப் பெயர் நின்றது, சித்திரம் போயிற்று. இவனுக்குச் சித்திரம் நின்றது, பெயர் போயிற்று.

ஆடுகின்ற பெருமானின் உருவம் இன்று பெரும்பாலும் மங்கிவிட்டது. மங்கிய அச்சுவர்ப்புறத்தையே தேவி இன்னமும் நோக்கி நிற்கிறாள்.